பதினேழு புள்ளி நாலு

— ரிப்போர்ட் அழகா இருக்கறது சரி ஹெலன் மேடம், அதுல அந்த நம்பர் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கிளையன்ட் கேக்கறாரு. அஞ்சு மணிக்கு ஃபோன் வரும். நான்தான் பதில் சொல்லணும்.

— சொல்லேன் கிளெமென்ட். சென்சார் மார்க்கெட் 2035 வரைக்கும் வருஷா வருஷம் பதினேழு புள்ளி நாலு சதவீதம் வளரும். அவ்ளோதான்.

— அந்த மனுஷன் இதை நம்பி ஓசூர்ல ஃபேக்டரி போடப் போறாரு. நான் உளறினா வேலை பர்மனென்ட் ஆகாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. கேஜிஎஃப்லேர்ந்து தினம் ரயில்ல நின்னுக்கிட்டு வர்றேன் மேடம்.

— டென்ஷன் ஆவாதே. லைட் போயிடுச்சு பாரு, கையை ஆட்டு.

— ஆட்டறேன். மனுஷன் அசையாம யோசிச்சா இந்த லைட்டோட சென்சார் ரூம்ல ஆளே இல்லன்னு நெனச்சுக்குது.

— அதனாலதான் இந்த ஆபீஸ்ல யாரும் யோசிக்கறதில்ல. ரிப்போர்ட்ல ஆதாரம்னு என்ன போட்டிருக்கே?

— பூனா கம்பெனி ரிப்போர்ட்.

— அப்ப முடிஞ்சுது.

— எங்க முடிஞ்சுது? பூனாக்காரங்க சிங்கப்பூர் ரிப்போர்ட்டைக் காட்டறாங்க. சிங்கப்பூர்க்காரங்க போன வருஷம் தொம்மலூர்ல வந்த ஒரு ரிப்போர்ட்டைக் காட்டறாங்க.

— தொம்மலூர்ல யாரு அது?

— நாமதான். எழுதினவங்க பேரு ஹெலன்.

— ஐயோ. இரு, ஞாபகம் வருது. இதே ரூம், கடைசி நிமிஷம். இடம் காலியா இருக்கக் கூடாதேன்னு அப்போதைக்கு ஒரு நம்பர் போட்டேன். அப்புறம் மாத்திக்கலாம்னு விட்டது.

— எதைப் பாத்துப் போட்டீங்க?

— நிமிந்தேன். எதிர் சுவத்துல ஏசி போர்டு. பதினேழு புள்ளி நாலு டிகிரின்னு எரிஞ்சுது.

— மாதாவே. இப்பவும் அதேதான் எரியுது மேடம்.

— ஏன் எரியாது? எவ்ளோ குளுருது, நான் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

— எனக்கு சட்டை முதுகோட ஒட்டிக்கிச்சு.

— அது உன் டென்ஷன். லைட் மறுபடி போச்சு, கையை ஆட்டு.

— மேடம், மெயின்டனன்ஸ் முனியப்பன். ஏணிய உள்ள கொண்டாரலாமா? இந்த ரூமு வேவுதுன்னு கம்ப்ளெயின்ட் வந்துச்சு.

— வேகுதா? போர்டைப் பாரு முனியப்பா.

— அத்த எதுக்கு பாத்துகினு. உள்ள கீற சென்சாரு செத்து ரெண்டு வருஷமாவுது. நெருப்பு வெச்சாலும் பதினேழு புள்ளி நாலுதான் காட்டும். புதுசு எடுத்தாந்துகிறேன், ரெண்டே நிமிஷம்.

— ஏணியை விட்டு இறங்கு. இன்னிக்கு அதைத் தொடாதே.

— இன்னா மேடம், வேர்த்து ஊத்துது உங்களுக்கு. ஸ்வெட்டர கயட்டுங்க மொதல்ல.

— பூனாவும் சிங்கப்பூரும் அதுல தொங்கிக்கிட்டிருக்குப்பா. நாளைக்கு மாட்டு.

— மேடம், ஃபோன் அடிக்குது. அவர்தான்.

— எடு கிளெமென்ட். என்ன வேணா சொல்லு, பொய் மட்டும் சொல்லாதே.

— ஹலோ, வணக்கம் சார். ஆதாரம்தானே? நேரா சென்சார்லேர்ந்தே எடுத்த நம்பர் சார். ரெண்டு வருஷமா பாத்துட்டோம், ஒரு புள்ளி கூட அசையல.