பிரிக்காத பொட்டலம்

தேன்மொழி: அப்பா, பொட்டிச் சாவி எங்க?

கருப்பண்ணன்: எந்தப் பொட்டி?

தேன்மொழி: நம்ம ஊட்ல எத்தன பொட்டி இருக்குது? என் மார்க் ஷீட்டெல்லாம் வெச்சுப் பூட்டுன தகரப் பொட்டி. சாவி உங்க அர்ணாக்கயித்துலதான் தொங்குது. குடுங்க.

கருப்பண்ணன்: எதுக்கு?

தேன்மொழி: எதுக்கா! இன்னைக்கு நாமக்கல்ல இண்டர்வியூப்பா. உதவித்தொகைக்கு. செம்மேட்டுல இந்த பஸ்ஸ உட்டா அவ்வளவுதான், எல்லாம் போச்சு.

கருப்பண்ணன்: போனாப் போவுது.

சின்னக்கண்ணு: ஏனுங்க, காலங்காத்தால மகள அழ வெக்காதீங்க.

தேன்மொழி: நான் அழுவலம்மா. எனக்குக் கோவம் பத்திக்கிட்டு வருது.

கருப்பண்ணன்: எனக்கு வராதா? உதவித்தொகை குடுக்கற அந்த அறக்கட்டளைக்காரனுங்க ஊடு பாக்க வந்து என்ன பண்ணுனானுங்க? ஒழுகுற கூரைய ஒரு போட்டோ. அடுப்ப ஒரு போட்டோ. என்னையச் சட்டையக் கழட்டிட்டு நிக்கச் சொல்றான்! மலைக்காரன்னா அப்படித்தான் நிப்பானாமா?

சின்னக்கண்ணு: நீங்கதான் கழட்டலையே. இருந்த புதுச் சட்டையையும் எடுத்து மேல போட்டுக்கிட்டீங்க.

கருப்பண்ணன்: நீ பேசாத புள்ள!

தேன்மொழி: எனக்கும்தான் அசிங்கமா இருந்துச்சு. அந்தக் கோவத்த அவங்ககிட்டக் காட்டியிருக்கோணும். என் படிப்பு மேல ஏன் காட்டறீங்க? கம்ப்யூட்டரோ பிசினஸோ படிக்கப் போற பிளஸ் டூ புள்ளைங்களுக்குத்தான் குடுக்கறாங்க. எனக்குக் கோயமுத்தூர்ல ரெண்டும் சேந்த படிப்புலயே சீட்டுக் கெடச்சிருக்கு. இந்த உதவி இல்லாட்டி நான் போக முடியாது. உங்களுக்கே தெரியும்.

கருப்பண்ணன்: செம்மேட்டுல தையல் பழகு. பொழுதுக்கு ஊடு வந்து சேந்துரலாம்.

தேன்மொழி: சாமியே போகச் சொல்லிருச்சுப்பா!

கருப்பண்ணன்: அந்தப் பேச்ச எடுக்காத.

தேன்மொழி: எடுப்பேன். பூக்கேக்கலாம்னு சொன்னது யாரு? நீங்க. வெள்ளை அரளி வந்தாப் போகட்டும், செவப்பு வந்தா ஊட்லயே இருக்கட்டும்னு நேத்து கோயில்ல எல்லார் முன்னாடியும் சொன்னது யாரு? நீங்க. பூசாரி பேத்தி ரெண்டு பொட்டலத்துல ஒண்ண எடுத்தா. பிரிச்சா வெள்ளை. இன்னும் என்ன வேணும்?

கருப்பண்ணன்: அது... அது சாமி குடுத்த பூ இல்ல.

தேன்மொழி: பின்ன யாரு குடுத்தது?

கருப்பண்ணன்: எனக்குத் தெரியும்.

தேன்மொழி: என்ன தெரியும்?

கருப்பண்ணன்: தெரியும்னா தெரியும். உடு!

சின்னக்கண்ணு: எப்படீங்க தெரியும்? பொட்டலத்துக்குள்ள எட்டிப் பாத்தீங்களா?

கருப்பண்ணன்: நீ சும்மா இருன்னேன்!

சின்னக்கண்ணு: சும்மாதான் இருக்கேன். தேங்கா, பழம், பொட்டலம்னு தட்டத் தூக்கிட்டு அந்த மேடு ஏறுனதுல முட்டி இன்னும் வலிக்குது.

தேன்மொழி: சரிப்பா. அது சாமி பூ இல்லைன்னா வாங்க, பூசாரிகிட்டயே போய்ச் சொல்லுவோம். ஊரக் கூட்டிச் சொல்லுவோம். எந்திரிங்க!

கருப்பண்ணன்: வேண்டாம்.

தேன்மொழி: ஏன்?

கருப்பண்ணன்: வேண்டாம் கண்ணு... ரெண்டு பொட்டலத்தையும் கட்டுனது நான்.

தேன்மொழி: தெரியுமே. ஒண்ணுல வெள்ளை, ஒண்ணுல...

கருப்பண்ணன்: ரெண்டுலயும் செவப்பு.

தேன்மொழி: என்னப்பா சொல்றீங்க?

கருப்பண்ணன்: ரெண்டுலயும் செவப்புதான் வெச்சேன், போதுமா!

தேன்மொழி: நான் கண்ண மூடிக் கும்பிட்டனேப்பா... வெள்ளை வரோணும், வெள்ளை வரோணும்னு. வரவே வராதுன்னு தெரிஞ்சுக்கிட்டு நீங்க எம்பக்கத்துலயே நின்னீங்களா? கையக் கூப்பிக்கிட்டு?

கருப்பண்ணன்: கீழ போனவ திரும்பி வரமாட்டியோன்னு பயம். போற எடத்துலயும் போட்டோ எடுத்து பேனர்ல மாட்டி வெச்சு, மலைப்புள்ளைன்னு வேடிக்க பாப்பானுங்களோன்னு...

தேன்மொழி: பாக்கட்டும்! நான் திருப்பிப் பேசிக்குவேன். ஏமாத்துறதுக்கு அது ஒரு சாக்கா?

கருப்பண்ணன்: ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமில்ல கண்ணு. செவப்பு வெச்ச எடத்துல வெள்ளை எப்படி வரும்? சாமிக்குத் தெரிஞ்சுபோச்சு. குத்தமாயிருச்சு. இந்த நேரத்துல நீ மலைய உட்டு எறங்குனா, உனக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா?

தேன்மொழி: தப்புப் பண்ணுனது நீங்க, எனக்கு எதுக்கு ஆகோணும்? ... அம்மா, அப்படி ஏதாச்சும் ஆகுமா?

சின்னக்கண்ணு: ஒண்ணும் ஆகாது. தலையச் சீவு.

தேன்மொழி: இல்லம்மா... பொய் வெச்சுக் கேட்டிருக்காரு. சாமி கோவத்துல குடுத்த பூவா இருந்தா? வேணும்னா அடுத்த வருசம்...

சின்னக்கண்ணு: அடுத்த வருசமா? வாய மூடுடி! ஏனுங்க, மிச்சமிருந்த பொட்டலத்த என்ன பண்ணுனீங்க?

கருப்பண்ணன்: எப்பவும் போல ஓடையில உட்டுட்டேன். அதத்தான் பிரிக்கக் கூடாதே.

சின்னக்கண்ணு: பிரிச்சிருந்தீங்கன்னா அதுலயும் வெள்ளைதான் இருந்திருக்கும்.

கருப்பண்ணன்: ஏ புள்ள...!

சின்னக்கண்ணு: மேடு ஏறறப்ப மூச்சு வாங்குதுன்னு பின்னாடி உக்காந்தனே, அப்ப ரெண்டையும் பிரிச்சேன். நீங்க வெச்ச லட்சணத்தப் பாத்தேன். போற வழியெல்லாம் வெள்ளை அரளிதான பூத்துக் கெடக்குது... மாத்திக் கட்டிட்டேன்.

தேன்மொழி: அம்மா! நீயுமா?

கருப்பண்ணன்: சாமி பொட்டலத்தடி அது! நான் கட்டுனதப் பிரிச்சுப் பாக்கோணும்னு உனக்கு எப்படித் தோணுச்சு?

சின்னக்கண்ணு: எனக்கு நர்சு படிக்க எடம் வந்தப்ப எங்கப்பனும் பூக்கேட்டாரு. செவப்பு வந்துச்சு. மிச்சப் பொட்டலத்த ஓடையில உடச் சொல்லி எங்கையிலதான் குடுத்தாரு. பிரிச்சுப் பாத்தேன், அதுலயும் செவப்பு... சாவியக் குடுங்க.