கேப்டன் கொனல் கல்லஹர்

எங்க சர்ச் கமிட்டிக்காரங்க உருப்படுவாங்களா, நீங்களே சொல்லுங்க... அட, பையை மடியில வெச்சுக்கோங்க. லெட்டர்கென்னி டவுனுக்குப் போற பஸ்ஸு இப்பிடித்தான் ஆடும்.

எங்க ஊர்ல கல்லெறிஞ்சா ஒரு கல்லஹர் தலையிலதான் விழும். நானும் கல்லஹர், எம் புருசனும் கல்லஹர். கல்யாணமாகியும் கையெழுத்துகூட மாத்தலைன்னா பாத்துக்கோங்க! இந்தக் கமிட்டி என்ன பண்ணுச்சு? ‘பேரெடுத்த கல்லஹர்கள்’னு சர்ச் மண்டபத்துல ஒரு பலகை மாட்டுச்சு. ஒரு பிஷப்பு, ஒரு குத்துச்சண்டைக்காரரு, வளைகுடாவ நீந்திக் கடந்த டீச்சரம்மா... அந்த டீச்சரம்மா மலைப்பக்கத்துக் கல்லஹர், எங்களுக்குச் சொந்தமில்ல, தலைக்கனம் புடிச்ச கூட்டம். சரி, அத விடுங்க.

ஆறாவது பேரு எங்கண்ணன் கொனல். ‘கப்பல் கேப்டன்’னு! நாப்பது வருசம் கப்பல்லதான் இருந்தாரு, இல்லேங்கல. ஆனா சமையக்கட்டுல... உருளைக்கெழங்கு உரிச்சுக்கிட்டு!

பப்புக்குத் தண்ணியடிக்கப் போனா, ‘கேப்டன், புயல் வருமா?’ங்கிறான் ஒருத்தன். போன மாசம் படகுப்போட்டியில மொதப் படகு நீங்கதான் ஓட்டணும்னு இழுத்துட்டுப் போயிட்டானுங்க. மனுசன் இல்லேன்னு சொல்ல முடியாம முழிச்சு, பாதிரியார் உட்பட எட்டுப் பேரு இருந்த படகைச் சேத்துல சொருகிட்டாரு! அங்கியத் தூக்கிக்கிட்டுப் பாதிரியார் கரையேறுனத நீங்க பாக்கணுமே!

சிரிக்காதீங்க. மூணு ஞாயித்துக்கெழமையா அண்ணன் எங்க வீட்டுக்குச் சாப்பிட வரல.

யாரு எழுதிக் குடுத்ததுன்னா கேக்குறீங்க? ...ம். அது வந்து... படிவம் குடுத்தாங்க. டீச்சரம்மா தங்கச்சி பக்கத்துலயே உக்காந்து பக்கம் பக்கமா எழுதிட்டிருக்கா. எங்க வீட்லயும் ஒருத்தர் வேணாமா? ‘கொனல் கல்லஹர், கப்பல்’னு ஆரம்பிச்சேன். ‘கப்பல்’ வரைக்கும் உண்மைதான். அதுக்கப்புறம் பேனா நிக்கல.

அண்ணன் ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. “பிரீட், கெழங்கு உரிச்சுத்தான் உன்னப் படிக்க வெச்சேன். அது உனக்கு வெக்கமா?”

டீ போடுறேன்னு எந்திரிச்சுப் போயிட்டேன் நான்!

முந்தாநேத்து அவரே மண்டபத்துக்குப் போயி, பலகையில ‘கப்பல் கேப்டன்’ங்கிறத அடிச்சிட்டு, ‘கெழங்கு உரிச்சவர், நாப்பது வருசம்’னு எழுதிட்டு வந்துட்டாரு. இப்ப பிஷப்பை ஒருத்தன் சீண்டல, எல்லாரும் அண்ணன் பேருகிட்டதான் நின்னு போட்டோ எடுக்குறாங்க.

இன்னிக்கு அவர் வீட்டு வாசல்லயே எறங்கப்போறேன். மன்னிப்பு கேட்டுப் பழக்கமில்ல எனக்கு. எப்பிடி ஆரம்பிக்கிறது? நீங்களே சொல்லுங்க... ஏங்க? அட, எப்ப எறங்குனாங்க இவங்க!

டிரைவரண்ணே... ஒங்களத்தான். நீங்களாவது சொல்லுங்க.