பட்ஜெட்டுக்குள் ஒரு கணினி

முதன்முறையாகக் கேமிங் கணினி கட்டுகிறவர்கள் பெரும்பாலும் செய்கிற தவறு, கிராபிக்ஸ் கார்டில் ஆரம்பிப்பது. அதன் படத்தைப் பார்த்து மயங்கி, கையில் இருப்பதில் பாதியை அதிலேயே கொட்டிவிட்டு, பிராசஸருக்கும் மதர்போர்டுக்கும் பார்ப்பவர்களிடமெல்லாம் கையேந்திக்கொண்டு நிற்பார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. மூன்று மாதம் உட்கார்ந்து திட்டமிட்டேன். என் மேசை இழுப்பறையிலிருந்து நீங்கள் எடுத்துவந்த பட்டியல், பென்சிலால் எழுதி அடித்துத் திருத்திய ஏழாவது வடிவம். பார்க்கச் சுத்தமாக இருக்கிறதல்லவா.

நீங்கள் கேட்டது வேறு விஷயம் என்று தெரியும். அதற்குத்தான் வருகிறேன். பட்டியல் புரியாமல் அது புரியாது.

நான் காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டு மனுக்களைப் பரிசீலிக்கிறவன். எரிந்த கடை, கவிழ்ந்த லாரி, ஒழுகிய கூரை என்று தினமும் இருபது பேருடைய அழுகை என் மேசைக்கு வரும். ஒவ்வொன்றின் அடியிலும் 'தவிர்த்திருக்கலாம்' அல்லது 'தவிர்க்க முடியாதது' என்று குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்பது வருடத்தில் இரண்டாவதைக் குறித்தது விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். அதனால் நிறுவனத்தில் எனக்கு நல்ல பெயர். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று சலுகையும் கொடுத்திருந்தார்கள்.

வீடு என்றால் அண்ணன் வீடு. நான்காவது மாடியில் மூன்று அறை. அண்ணன் வண்டிப் பட்டறையில் இருபத்தாறு வருடம் பெயின்ட் அடித்தவர். மூக்கில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டால் போதும் என்று நம்பியவர். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் முதல் வேலையாக இதை எனக்கு நினைவூட்டிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்கள். ஐம்பத்திரண்டு வயதில் அண்ணனுடைய நுரையீரல் கையை விரித்துவிட்டது. அன்றிலிருந்து கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் ஆக்சிஜன் இயந்திரம். இடுப்பு உயரம், அடியில் சக்கரம். காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். நாள் முழுக்க யாரோ சலித்துக்கொண்டு பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம்.

அது மின்சாரத்தில் ஓடுவது. மின்சாரம் போனால் என்ன செய்ய வேண்டும் என்று மருத்துவமனையில் அண்ணியையும் என்னையும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். இயந்திரத்தை ஒரு யுபிஎஸ்ஸில் செருகி வைக்க வேண்டும். அதன் பேட்டரி பத்துப் பன்னிரண்டு நிமிடம் தாங்கும். அதற்குள் அறை மூலையில் நிற்கும் சிலிண்டரைத் திறந்து குழாயை அதற்கு மாற்றிவிட வேண்டும். நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். குறிப்பெடுத்ததும் நான்தான்.

அண்ணி பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் இருக்கிறார். காலை எட்டு மணிக்குப் போனால் திரும்பி வர ஆறாகும். நான் அலுவலகம் போகும் இரண்டு நாள் அவருடைய அக்கா வந்து அண்ணனுடன் இருப்பார். மீதி மூன்று நாள் என் பொறுப்பு. வாடகை வாங்காமல் என்னை அங்கே வைத்திருந்தது அதற்காகத்தான் என்று அண்ணி ஒருநாளும் சொல்லமாட்டார். அவருக்காக நான் சொல்கிறேன்.

கணினி விஷயத்தில் என்னைவிட ஆர்வமாக இருந்தது அண்ணன்தான். மாலையில் நான் பட்டியலைப் படித்துக்காட்டுவேன். அவருக்கு ரேம் என்றால் என்ன என்று தெரியாது. ஆனால் பட்டறைக்காரர் அல்லவா, கேட்க வேண்டிய கேள்வியைச் சரியாகக் கேட்பார்.

"இவ்வளவையும் ஒரு பொட்டிக்குள்ள அடைச்சா சூடாகாதா? காத்து எப்படிப் போகும், எப்படி வரும்?"

முன்னால் இரண்டு விசிறி காற்றை இழுக்கும், பின்னால் ஒன்று வெளியே தள்ளும் என்று விளக்கினேன். பெட்டி மூச்சுவிட வேண்டும், அதில் மட்டும் சமரசம் செய்துகொள்ளக் கூடாது என்றேன். மூக்கில் குழாயோடு அவர் தலையாட்டினார். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கவரை எடுத்து என் சட்டைப்பையில் வைத்தார். பட்டறையில் கணக்கு முடித்துக் கொடுத்ததில் மிச்சம்.

"உனக்குன்னு நீ ஒண்ணுமே வாங்கிக்கிட்டதில்லையேடா. வாங்கு."

மறுத்திருக்கலாம். அவர் மனம் நோகும். வாங்கிக்கொண்டேன்.

பெட்டி பழையது, ஒரு பக்கம் முழுக்கக் கீறல். புதியது வாங்குவது தண்டச் செலவு என்று அண்ணனே சொன்னார். தேய்த்து பெயின்ட் அடித்தால் கடைப்பொருள் தோற்றுவிடும் என்றார். எந்த எண் உப்புத்தாள், எத்தனை பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று படுக்கையிலிருந்தே சொன்னார். மொட்டை மாடியில் வைத்து அடி என்றும் சொன்னார். அன்று மாடியில் காற்று அதிகம், ஈரப் பூச்சில் தூசி ஒட்டிவிடும். கூடத்தில் வைத்து அடித்தேன். அவருடைய அறைக் கதவைச் சாத்தினேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். கதவுக்கு அடியில் இடைவெளி இருந்தது. வீட்டைக் கட்டியவர்களைக் கேளுங்கள்.

இரண்டு நாள் இருமினார். வீட்டுக்குள் என்ன நாற்றம் என்று அண்ணி கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணனே முந்திக்கொண்டார். பக்கத்து வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, அண்ணி அந்தப் பக்கம் திரும்பியதும் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். பூச்சு அற்புதமாக வந்திருந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இனி கிராபிக்ஸ் கார்டு. எல்லாம் வாங்கிய பிறகு அதற்குக் கொஞ்சம் துண்டு விழுந்தது. குறைந்த ரகம் ஒன்றை வாங்கிச் சமாளித்திருக்கலாம், ஆனால் ஆறே மாதத்தில் புதிய விளையாட்டுகளுக்கு அது போதாது. அப்படி வாங்குவது சிக்கனமல்ல, ஊதாரித்தனம். அப்போதுதான் சிலிண்டர் ஞாபகத்துக்கு வந்தது. எட்டு மாதமாக மூலையில் நிற்கிறது. ஒருமுறைகூடத் திறந்ததில்லை. அண்ணி அதன்மேல் துண்டு காயப்போடுவார். வாடகைக் கடையில் அதற்கு முன்பணம் கட்டியிருந்தோம். திருப்பிக் கொடுத்தேன், அது கைக்கு வந்தது. மாத வாடகையும் மிச்சம். வீட்டுச் செலவைக் குறைத்ததற்காக யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

அழுத்தப் பரிசோதனைக்காகக் கடைக்காரர்கள் எடுத்துப்போயிருப்பதாக அண்ணியிடம் சொன்னேன். பத்து நாள் கழித்து அவர் கேட்டார்.

"தம்பி, அந்த சிலிண்டர் இன்னும் வரலையே? எனக்கு வேலையில கவனமே போகமாட்டேங்குது."

"வந்துரும் அண்ணி. அவங்ககிட்ட பேசிட்டேன்."

பொய் சொல்லவில்லை. பேசித்தான் இருந்தேன், முன்பணத்துக்கு ரசீது கேட்டு.

பாகங்களைப் பொருத்திக் கொடுத்த கடைக்காரர் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். மின்சாரம் திடீரென்று போய் வந்தால் இத்தனை உழைப்பும் வீண், அதனால் யுபிஎஸ் இல்லாமல் ஓட்டாதீர்கள் என்று. பட்டியலில் யுபிஎஸ் இல்லை. ஏழு வடிவத்திலும் இல்லை. திட்டத்தில் இருந்த ஒரே ஓட்டை அது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கும்போது இன்னொன்றை வாங்குவானேன்.

அண்ணனிடம் கேட்டுத்தான் எடுத்தேன். ஒரு வாரத்துக்கு மட்டும் என்றேன்.

"எடுத்துக்கோ. இங்க கரென்ட் போயி எத்தனையோ மாசமாச்சு. உங்க அண்ணிகிட்ட மட்டும் சொல்லாத. பயந்துக்குவா."

சொல்லவில்லை. அண்ணன் பேச்சை நான் தட்டியதில்லை. அண்ணி கண்ணில் படாமல் இருக்க, நான் வீட்டிலிருக்கும் நாட்களில் ஆறு மணிக்கு முன்பு அதைத் தூக்கிக்கொண்டுபோய் அண்ணன் கட்டிலுக்கு அடியில் வைத்துவிடுவேன். காலையில் அண்ணி வேலைக்குப் போனதும் என் அறைக்கு வந்துவிடும். ஒரு வாரம் ஐந்து வாரமானது. எட்டு கிலோ எடை. முதுகு வலித்தது.

புதன்கிழமை மதியம் இரண்டு பத்துக்கு மின்சாரம் போனது. இரண்டு இருபத்தொன்றுக்கு வந்தது. முதலில் உங்கள் காவலர்கள் வந்தபோது, நான் தூங்கிக்கொண்டிருந்தேன், எழுந்து வந்து பார்த்தபோது அண்ணன் நடைவழியில் உயிரில்லாமல் கிடந்தார் என்று சொன்னேன். இயந்திரம் யுபிஎஸ்ஸில்தான் செருகியிருந்தது, அப்படியும் நின்றுவிட்டது என்று அண்ணியிடம் சொன்னேன். அவர் நம்பினார். இயந்திரம் தயாரித்தவர்கள்மீது புகார் எழுத நான்தான் உதவினேன். என் தொழில் அது, இரண்டு பக்கத்தில் கச்சிதமாக எழுதினேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் இல்லையென்றால் நான் என்ன செய்வேன் என்று அழுதார். சங்கடமாக இருந்தது.

தயாரித்தவர்கள் அனுப்பிய மெக்கானிக் ஒருவர் வந்து இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்தார். குறையே இல்லை என்றார். பிறகு யுபிஎஸ்ஸில் கம்பி எதையோ செருகி அதிலிருந்த பதிவைப் பார்த்துவிட்டு, இது புதன்கிழமை ஒரு கணினிக்கல்லவா மின்சாரம் கொடுத்திருக்கிறது என்று, ஏதோ சுவாரசியமான துணுக்கு படித்த மாதிரி சொன்னார். அண்ணி அப்போது அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்துகொண்டிருந்தார். டம்ளரைக் கீழே போடவில்லை. மேசைமேல் வைத்தார். என்னைப் பார்த்தார். அன்றிலிருந்து என்னிடம் பேசவில்லை. அதற்குப் பிறகு நீங்கள் என் கணினியைத் திறந்தீர்கள், விளையாட்டின் பதிவை எடுத்தீர்கள், அண்ணனுடைய கைபேசியையும் எடுத்தீர்கள். முறையான வேலை. என் மேசைக்கு இப்படி ஒரு கோப்பு வந்திருந்தால் நானும் இதே வரிசையில்தான் போயிருப்பேன்.

ஆகையால் அந்தப் பதினோரு நிமிடத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் நான்கு பேர் ஓர் அணி. மற்ற மூவரின் முகம் எனக்குத் தெரியாது, ஒருவனைக் கழுகு என்று கூப்பிடுவோம். அன்று தகுதிச் சுற்று. மின்சாரம் போனபோது ஆட்டம் முடிய ஒன்பது நிமிடம் இருந்தது. விளக்கு அணைந்தது, விசிறி நின்றது, கணினி கண்ணிமைக்கவில்லை. இணையப் பெட்டியையும் அதே யுபிஎஸ்ஸில்தான் செருகியிருந்தேன். திரையின் மூலையில் பேட்டரி பன்னிரண்டு நிமிடம் என்று காட்டியது. கணக்கு சரியாக இருந்தது.

அடுத்த அறையில் இயந்திரம் நின்றதும் அதன் எச்சரிக்கை மணி அடிக்க ஆரம்பித்தது. கேட்டது. காதில் ஹெட்போன் இருந்ததால் கேட்கவில்லை என்று நேற்று சொன்னேன். நல்ல ஹெட்போன்தான், ஆனால் அவ்வளவு நல்லதல்ல. பட்ஜெட்டில் அதற்கு மேல் இடமில்லை. ஒலியைக் கூட்டிக்கொண்டேன்.

என் கைபேசியில் அண்ணன் அழைத்தார். நான்கு முறை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். முதல் இரண்டைப் பார்த்தேன். பிறகு கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டதால் மற்றவற்றுக்கு நான் பொறுப்பேற்க முடியாது. அப்போது எழுந்துபோய், யுபிஎஸ்ஸைக் கழற்றி, அடுத்த அறையில் செருகியிருந்தால் ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அது எனக்குத் தெரியும். ஆனால் மூன்று பேர் என்னை நம்பி நடு ஆட்டத்தில் இருந்தார்கள். நம்பியவர்களை விட்டுவிட்டு எழுந்துபோகிற பழக்கம் எனக்கில்லை.

பிறகு கதவு தட்டப்பட்டது. ஓங்கி அல்ல, விரல் மோதிரம் உரசுகிற மாதிரி, கீழ்ப்பக்கமாக. ஒரு முறை "தம்பி" என்று கேட்டது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. விளையாடும்போது எப்போதும் தாழிடுவேன். வருகிறேன் என்று சொன்னேன். உரக்கத்தான் சொன்னேன்.

ஆட்டம் முடிந்தது, வென்றோம். கழுகு வாழ்த்துச் சொன்னான், பதில் சொன்னேன். மின்சாரம் வந்தது. கணினியை முறைப்படி அணைத்தேன். கதவைத் திறக்கக் கொஞ்சம் சிரமமாக இருந்தது, அவர் அதன்மேல் சாய்ந்திருந்தார். அவரைத் தாண்டிப் போய் யுபிஎஸ்ஸை அவருடைய அறையில் வைத்து இயந்திரத்தைச் செருகினேன். அது பெருமூச்சுவிட ஆரம்பித்ததைச் சரிபார்த்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். மின்சாரம் வந்ததற்கும் அந்த அழைப்புக்கும் நடுவில் பதினாறு நிமிடம் என்று உங்கள் தாளில் இருக்கிறது. இருக்கலாம், நான் கடிகாரம் பார்க்கவில்லை.

இதில் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வரியை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் படிக்கிறவர்கள் என்னைத் தவறாக நினைத்துவிடுவார்கள். இயந்திரம் இல்லாமல் போனாலும் அசையாமல் உட்கார்ந்திருந்தால் கால் மணி நேரம் தாங்குவார் என்று மருத்துவர் எங்களிடம் சொல்லியிருந்தார். எனக்குத் தேவைப்பட்டது ஒன்பது நிமிடம்தான். அண்ணன்தான் அவசரப்பட்டுவிட்டார்.