சாப்பாட்டுக்குப் பின் முதல் உரை

நவம்பர் 2, ஞாயிறு.

இன்றைய தவறு: தயிர்சாதத்துக்கு ஊறுகாய் சொல்ல மறந்துவிட்டேன். சைவப் பந்தியில் உட்கார்ந்த டாக்டர்களில் இரண்டு பேர் என்னைப் பார்த்தபடியே சாப்பிட்டார்கள்.

மாலை வகுப்பில் எங்களுக்கு மருத்துவமனை நிர்வாகம் எடுக்கும் ஜெகபர் சாதிக் சார் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார். அன்றைய தவறை முதலில் எழுத வேண்டும், மறுநாள் வேலையைக் கடைசியில் எழுத வேண்டும். "நடுவுல உங்க இஷ்டம்" என்றார். இன்று நடுப்பகுதி கொஞ்சம் நீளும். அதையும் தவறு என்ற இடத்தில் எழுத வேண்டுமோ என்று வெகுநேரம் யோசித்தேன். உறுதியாகத் தெரியவில்லை. ஊறுகாய் விஷயத்தில் எனக்குச் சந்தேகமில்லை, அதனால் அதை எழுதினேன்.

பகலில் நான் காரைக்காலில் டாக்டர்கள் சங்கம் ஒன்றின் அலுவலகத்தில் உதவியாளன். சங்கம் அவ்வப்போது தொடர் மருத்துவக் கல்விக் கருத்தரங்கு நடத்தும். பதிவைப் புதுப்பிக்க டாக்டர்களுக்கு இத்தனை மணி நேரம் படித்ததாகக் கணக்கு வேண்டும். காலையில் வந்து கையெழுத்துப் போட்டால் கணக்கு ஏறிவிடும். சென்னையிலிருந்து வந்த பெரிய டாக்டர் ஒருவர் பேசுவார், எல்லோரும் கேட்பார்கள். பிறகு பிரியாணி. பிரியாணிக்குப் பிறகு ஒரு உரை உண்டு. அதை யாரும் கேட்பதில்லை.

கேட்க மாட்டேன் என்று ஒருவரும் சொல்வதில்லை. மரியாதை தெரிந்தவர்கள். கை கழுவிய ஈரம் காயும் முன்பே போனைக் காதில் வைத்து, "பிரஷர் எவ்ளோ இருக்கு? டிரிப்ஸ் போட்டு வையுங்க, தோ வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே வாசலுக்கு நடப்பார்கள். ஒருமுறை தோல் டாக்டர் ஒருவர் இப்படிப் பேசிக்கொண்டு போகையில் காதில் இருந்த போனே மணி அடித்தது. அவர் கொஞ்சமும் பதறவில்லை. "லைன்ல இருங்க, இன்னொரு எமர்ஜென்சி" என்று இல்லாத ஆளிடம் சொல்லிவிட்டு அதை எடுத்தார்.

போன கருத்தரங்கில் அந்த உரை டாக்டர் சுகிர்தாவுக்கு வந்தது. நெரவிப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறார், வயதில் சின்னவர். எலிக்காய்ச்சல் பற்றிப் பேசினார். கேட்டது மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் இருவர், மைக் செட்காரர், நான். மைக் செட்காரர் பாதியில் தூங்கிவிட்டார். முடிவில் டாக்டர், கேள்வி ஏதாவது உண்டா என்று முறைப்படி கேட்டார். ஒரு பிரதிநிதி கையைத் தூக்கி, பிரியாணி இன்னும் இருக்குமா என்று கேட்டார்.

எலிக்காய்ச்சல் எங்கள் பக்கத்தில் சிறிய விஷயம் இல்லை. வயல் தண்ணீரில் எலியின் மூத்திரம் கலந்திருக்கும். வெறுங்காலோடு களை எடுக்க இறங்குகிறவர்களின் கால் வெடிப்பு வழியாக அது உள்ளே போகும். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு. சாதாரணக் காய்ச்சல் என்று ஊசி போட்டு அனுப்பிவிடுகிறார்கள். போன மாதம் பெரியநாயகி என்ற அம்மாவை அப்படி மூன்று கிளினிக்குகளில் அனுப்பினார்கள். டாக்டர் சுகிர்தாவிடம் வந்து சேர்ந்தபோது அவருக்கு மூத்திரமே நின்று போயிருந்தது. எப்படியோ பிழைத்துக்கொண்டார். அந்த மூன்று டாக்டர்களும் போன கருத்தரங்கில் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள்.

"அவங்க ஒண்ணும் கெட்டவங்க இல்ல அஸ்ஃபாக்" என்றார் டாக்டர் சுகிர்தா, இன்றைக்கும் சாப்பாட்டுக்குப் பிறகுதான் அவர் உரை என்று தெரிந்த அன்று. "அர மணி நேரம் உக்காந்து கேட்டா போதும், அடுத்த பெரியநாயகிய அனுப்ப மாட்டாங்க. இந்த தடவையும் காலி நாற்காலிதான்னா நான் இனிமே பேச வரல."

அந்த உரைக்கு ஸ்லைடுகள் செய்தது நான். எலியின் படத்தைப் பலமுறை மாற்றினேன், முதல் எலி சிரிப்பதுபோல் இருந்தது. கடைசி ஸ்லைடில் 'நன்றி' என்று போட்டு, அதன் கீழே 'ஸ்லைடு தயாரிப்பு: அஸ்ஃபாக்' என்று போடச் சொன்னது டாக்டர்தான். நான் வேண்டாம் என்றேன். பிறகு போட்டேன். பிறகு எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். பின்வரிசையில் இருப்பவர்களை யாரும் நினைப்பதில்லை என்பது என் அபிப்பிராயம்.

இந்த முறை ஹோட்டல் கிடைக்கவில்லை. தெட்சிணாமூர்த்தி என்பவருடைய கல்யாண மண்டபம் கிடைத்தது. புதுக் கம்பளம் விரித்திருந்தார்.

"செருப்பு, ஷூவெல்லாம் வாசல்லயே கழட்டிடணும் சார்" என்றார்.

"எங்க ஆளுங்கல்லாம் டாக்டருங்க" என்றார் சங்கத்தின் செயலாளர் டாக்டர் சிவநாதன்.

"மாப்பிள்ளையே கழட்டிட்டுத்தான் சார் உள்ள வர்றாரு."

முதல் ஆளாக டாக்டர் சிவநாதனே கழற்றினார்.

சாப்பாட்டுக் கூடத்துக்கு மண்டபத்தின் உள்ளேயே வழி இருக்கிறது. எல்லோரும் வெறுங்காலோடு அப்படியே சாப்பிடப் போனார்கள். வாசல் வராந்தாவில் செருப்புகள் தாறுமாறாகக் கிடந்தன. ஒழுங்குபடுத்தலாம் என்றுதான் குனிந்தேன். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இடது காலெல்லாம் ஒரு வரிசை, வலது காலெல்லாம் ஒரு வரிசை என்று வைத்தால் பார்வைக்கு நன்றாக இருக்கும் என்று பட்டது. வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது. வைத்து முடித்துப் பார்த்தபோது ஒரு வரிசையே போதும் என்று தோன்றியது.

இரண்டு வரிசையையும் எடுத்திருந்தால் அது திருட்டு. அதை நான் யோசிக்காமல் இல்லை. ஒற்றைக் கால் செருப்பால் யாருக்கும் லாபம் கிடையாது, ஆகவே அது ஒரு தாமதம் மட்டுமே. மாலை வகுப்பில் 'பங்கேற்பாளர்களைத் தக்கவைத்தல்' என்று ஒரு பாடம் இருக்கிறது. அதில் பரிசுக் குலுக்கல் வைக்கலாம் என்று போட்டிருக்கிறது. வேறு எதுவும் செய்யக் கூடாது என்று போடவில்லை.

சமையல் சேக் அலாவுதீன் பாய். தேவைக்கு மேல் எப்போதும் ஒரு அண்டா கொண்டுவருவார். அது பின்கட்டில் காலியாக இருந்தது. அடியில் வாழையிலை விரித்து, இடது கால்களை அடுக்கினேன். டாக்டர் சிவநாதனின் ஷூ கனம், அதனால் கீழே. பெண் டாக்டர்களின் மெல்லிய செருப்புகள் நசுங்கக் கூடாது, அதனால் மேலே. ஒருதலைப்பட்சமாக இருக்கக் கூடாது என்று டாக்டர் சுகிர்தாவுடையதையும் என்னுடையதையும் சேர்த்தேன். மேலே இன்னொரு இலையும் அதன் மேல் மூடியும் போட்டு மூடினேன்.

முதலில் வாசலுக்கு வந்தவர் அதே தோல் டாக்டர். "பிரஷர் எவ்ளோ" என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றார். பின்னாலேயே கூட்டம் சேர்ந்தது. டாக்டர்கள் என்பதால் யாரும் சத்தம் போடவில்லை, காரணத்தை ஆராய்ந்தார்கள்.

"நாய் வேலையாத்தான் இருக்கும்" என்றார் ஒருவர்.

"என் நாயி லெப்டு ரைட்டு பாத்தா சார் எடுக்கும்?" என்றார் தெட்சிணாமூர்த்தி.

எலும்பு டாக்டர் குனிந்து வரிசையைப் பார்த்தார். "ஒரு பக்கம் மட்டும் போயிருக்குன்னா அது நரம்பு கேஸுங்க. நம்ம டிபார்ட்மெண்ட் இல்ல."

அப்போது மழையும் பிடித்துக்கொண்டது. தேடிக் கிடைக்கும்வரை உள்ளே உட்காரலாம் என்றார் டாக்டர் சிவநாதன். வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார்கள். டாக்டர் சுகிர்தா மேடையேறினார். கல்யாண மேடை என்பதால் அவருக்குப் பின்னால் தெர்மாகோலில் இரண்டு அன்னங்கள் கழுத்தைப் பின்னிக்கொண்டிருந்தன.

முதலில் எல்லோரும் வாசலையே பார்த்தார்கள். "வெறுங்காலோட தண்ணில நிக்கிறவங்களுக்கு" என்று டாக்டர் சொன்னபோது முன்வரிசையில் கால்கள் மெதுவாக நாற்காலிக்கு அடியில் போயின. வெடித்த குதிகாலின் படம் வந்தபோது குழந்தைகள் டாக்டர் ஒருவர் குனிந்து தன் குதிகாலைப் பார்த்தார், பிறகு பக்கத்தில் இருந்தவருடையதையும் பார்த்தார். கேள்விகள் வந்தன. எத்தனையாவது நாளில் சந்தேகப்பட வேண்டும் என்று கேட்டவர், பெரியநாயகி அம்மாவை ஊசி போட்டு அனுப்பிய மூவரில் ஒருவர். பதிலை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

உரை முடிவதற்குள் செருப்புகளைத் திரும்ப வைத்துவிடுவதுதான் திட்டம். அதைச் செய்திருந்தால் இந்த நாட்குறிப்பு ஊறுகாயோடு முடிந்திருக்கும். ஆனால் கடைசி ஸ்லைடு நெருங்கிவிட்டது. அந்த நேரத்தில் புரொஜெக்டரை விட்டு நகர்வது பொறுப்பற்ற செயல். நன்றி என்று வந்ததும் வழக்கம்போல எழுந்தார்கள். வழக்கம்போலப் போக முடியவில்லை. ஸ்லைடு திரையிலேயே இருந்தது. நான் கம்ப்யூட்டரைத் தொடவில்லை.

டாக்டர் சிவநாதன் அண்ணாந்து படித்தார். "அஸ்ஃபாக்... யாருங்க இந்த அஸ்ஃபாக்?"

இரண்டு வருடமாக அவருக்கு டீ வாங்கி வருவது நான்தான். தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

"நான்தாங்க சார்."

"நீங்களா? நல்லா பண்ணிருக்கீங்க. சரி, போயி செருப்ப பாருங்க."

'பண்ணிருக்கீங்க' என்றார். இதை இங்கே குறித்து வைக்கிறேன். எல்லோரும் படித்துவிட்டார்களா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனேன். அங்கே அண்டா இல்லை.

மீந்த சாப்பாட்டைப் போகும் வழியில் கருக்களாச்சேரி மீனவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போவது அலாவுதீன் பாயின் பழக்கம். அதை நான் யோசித்திருக்க வேண்டும். யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவரிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, ஒரு அண்டா கனமா இருந்துச்சா, மீந்த பிரியாணின்னு பசங்க வேன்ல ஏத்திட்டானுவ. இங்க சனம் பாத்திரத்தோட வந்து நிக்கிது. தொறந்து பாத்தா..."

"சொல்லுங்க பாய்."

"பூரா எடது காலா கெடக்கு."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது: "எல போட்டு தம் கட்டிருக்கானுவ பாரேன்."

யார் செய்த வேலை என்று பாய் கேட்டார். விசாரிக்கிறேன் என்றேன். மழை விட்டதும் கொண்டுவருகிறேன் என்றார்.

டாக்டர்களால் அதுவரை காத்திருக்க முடியவில்லை. வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. காலையில் என்றால் அந்தத் தண்ணீரை அவர்கள் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். இப்போது ஸ்லைடுகளைப் பார்த்திருந்தார்கள். வெகுநேரம் படியிலேயே நின்றார்கள். பிறகு வலது காலில் ஷூவைப் போட்டு, இடது காலைத் தூக்கிக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி நொண்டிக்கொண்டே கார்களுக்குப் போனார்கள். எலும்பு டாக்டர் மற்றவர்களைவிட நன்றாக நொண்டினார். தோல் டாக்டர் பாதி வழியில் இரண்டு காலையும் ஊன்றிவிட்டார்.

கார்கள் நேரே மருந்துக் கடைகளுக்குப் போயின. எலிக்காய்ச்சல் வராமல் தடுக்க டாக்ஸிசைக்ளின் மாத்திரை போடலாம் என்று உரையிலேயே இருந்தது. டாக்டர்கள் ஒருவருக்கொருவர் சீட்டு எழுதிக்கொடுத்துக்கொண்டார்கள். பிறகு வீட்டில் இருப்பவர்களுக்கு, டிரைவருக்கு, கிளினிக் நர்ஸுக்கு. விளக்கு வைக்கும் நேரத்துக்குள் காரைக்காலில் அந்த மாத்திரை தீர்ந்துவிட்டது.

செருப்புகள் திரும்பி வந்துவிட்டன. பட்டை, ஏலக்காய் வாசனை இருக்கிறது, மற்றபடி சேதமில்லை. கருக்களாச்சேரியில் பாய் பரோட்டா வாங்கிக் கொடுத்துச் சமாளித்தாராம். செருப்பு எடுத்தது நாய்தான் என்று சங்கக் கமிட்டி முடிவு செய்தது. நாய் மூடி போட்டு மூடுமா என்று தெட்சிணாமூர்த்தி கேட்டார், ஆனாலும் அதைக் கட்டிப்போட்டார். வயிறு நிறைய எலும்பு தின்றுவிட்டு அது தூங்கிக்கொண்டிருந்தது. கட்டியதே அதற்குத் தெரிந்திருக்காது.

வீட்டுக்கு வந்ததும் டாக்டர் சுகிர்தா போனில் கூப்பிட்டார்.

"எல்லாரும் கேட்டாங்க அஸ்ஃபாக்" என்றார். இரண்டு முறை சொன்னார். பிறகு, "நெரவியில மாத்திர இல்லியாம். காரைக்கால்லேந்து ஒரு டாக்டர் வந்து கடையில இருந்தத மொத்தமா அள்ளிட்டுப் போயிட்டாராம். நாளைக்கி களைக்கு எறங்குறவங்களுக்கு எழுதிக் குடுத்திருந்தேன், வெறுங்கையோட திரும்பியிருக்காங்க. எங்க நிலையத்துல இருக்கறத வச்சி ரெண்டு நாள் ஓட்டணும், அதுக்குள்ள புதுச்சேரிலேந்து வந்துடும்" என்றார்.

இது என்னால் வந்ததா என்று நிதானமாக யோசித்துப் பார்த்தேன். உரை சுமாராக இருந்திருந்தால் டாக்டர்கள் இவ்வளவு பயந்திருக்க மாட்டார்கள். அப்படிப் பார்த்தால் பொறுப்பு டாக்டர் சுகிர்தாவுடையது. அவர் மகிழ்ச்சியாக இருந்ததால் அதை நான் சொல்லவில்லை.

எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன். இடது கால் செருப்புகளை எடுத்தது நான்தான். நெரவி மக்களின் நன்மைக்காக மட்டுமே எடுத்தேன். ஸ்லைடில் என் பெயர் இருந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எல்லோரும் போன பிறகு பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தேன். நன்றாகத் தெரிகிறது.

போனை வைக்கும் முன் டாக்டர் இன்னொன்றும் சொன்னார். அடுத்த மாதம் நாகப்பட்டினத்தில் ஒரு கருத்தரங்கில் இதே உரையை நிகழ்த்தச் சொல்லியிருக்கிறார்களாம். அங்கேயும் சாப்பாட்டுக்குப் பிறகுதான். "பெரிய ஓட்டலு. ஷூவ கழட்ட வேண்டியதில்ல, அந்த மட்டுக்கும் நிம்மதி" என்றார்.

நாளைய வேலை: அந்த ஹோட்டலுக்குப் போன் செய்து, வருகிறவர்களின் கார் சாவியை வாசலில் வாங்கி வைப்பது யார் என்று கேட்க வேண்டும்.