சவுரியம்மாள் ஆசைப்பட்ட கருவி

அவைக்குத் தலைமையேற்று அழகு சேர்க்கும் அம்மையார் கலையரசி அவர்களே, விழுப்புரத்திலிருந்து பேருந்தில் நின்றபடியே வந்து சேர்ந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளை மடியில் கிடத்திக் காத்திருக்கும் தாய்மார்களே, ஊர் ஊராய் நடந்து உயிர் காக்கும் என் உடன்பிறவாச் செவிலியர்களே! திண்டிவனத்தில் திரண்டிருக்கும் உங்கள் அனைவரையும் நெஞ்சார வணங்குகிறேன்.

கருவியை வெறுத்தோமா நாம்? இல்லை, காத்திருந்தோம். கனவு கண்டு காத்திருந்தோம்! முகையூர்ப் பக்கத்துக் கிராமச் செவிலியர் சவுரியம்மாளும் காத்திருந்தார். பதினேழு பதிவேடுகளை எழுதி எழுதி விரல் காய்த்தவர். கைக்கணினி கட்டாயம் என்று ஆணை வந்த அன்று எங்களுக்கெல்லாம் கேசரி கிண்டிக் கொண்டுவந்தார். இனி எழுத வேண்டாம், கர்ப்பிணிகளோடு உட்கார்ந்து பேசலாம் என்று அத்தனை ஆசை அவருக்கு.

வந்தது கைக்கணினி. போனதா பதிவேடு? போகவில்லை என்று அங்கே ஓர் அம்மா தலையாட்டுகிறார். ஆமாம் அம்மா, அதிலும் பதிய வேண்டும், இதிலும் எழுத வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, எட்டு மாதக் கர்ப்பிணி ஜெயம் பரிசோதனைக்கு வந்தாள். ஏதோ சொல்லத் தொடங்கினாள். சிக்னல் கிடைக்காமல் திரை சுற்றிக்கொண்டே இருந்தது. பதிவு ஏறும்வரை பொறு என்றார் சவுரியம்மாள். பின்னால் பதினொரு பெண்கள் காத்திருந்தார்கள். ஜெயம் எழுந்து போய்விட்டாள். மறுநாள் காலை அவளுக்கு வலிப்பு. விழுப்புரம் மருத்துவமனையில் தாயைக் காப்பாற்றினார்கள். பிள்ளை தங்கவில்லை.

சவுரியம்மாள் அவள் வீட்டுக்குப் போனார். ஜெயம் கோபப்படவில்லை. "தலவலி தாங்கலன்னு சொல்லத்தான் வந்தேன்க்கா. நீங்க அதையே பாத்துக்கினு இருந்தீங்க" என்றாள். கர்ப்பிணியின் தாங்காத தலைவலி வலிப்புக்கு முன்னறிகுறி என்று அறிந்தவர் அவர். அந்த ஒரு சொல்லைச் சுமந்துகொண்டு அவர் எப்படி உருகினார் என்பதை உடன் பணிசெய்த நான் அறிவேன்.

அடுத்த ஆய்வுக் கூட்டத்தில், பதிவில் ஏன் பின்தங்கினீர்கள், கருவி பிடிக்கவில்லையா என்று அதிகாரி கேட்டார். நடந்ததை மறைக்காமல் சொன்ன எங்கள் அக்கா, கடைசியாக இதைச் சொன்னார்: "புடிக்கலன்னு யாருங்க சொன்னது? எழுதுற வேலை கொறையும், பொண்ணுங்க மூஞ்சியப் பாத்துப் பேசலாம்னு ஆசையா இருந்தேன். குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அக்கா சொன்னது மேலே போனது; இரண்டு மாதத்தில் எங்கள் வட்டாரத்தில் பதிவேடு எழுதும் வேலை நின்றது. மற்ற வட்டாரங்களில்? இன்னும் ஏங்குகிறார்கள், என் தங்கைகள் ஏங்குகிறார்கள்! ஆணையிட்டால் கருவி கைக்கு வரும், மனம் வருமா? எங்களுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள், எங்களைக் கேட்டுச் செய்யுங்கள் என்பதே இந்த மேடையின் கோரிக்கை.

ஜெயம் இப்போது மறுபடியும் ஐந்து மாதம். போன வாரம் பரிசோதனைக்கு வந்தவள் அரை மணி நேரம் பேசினாள். திரையைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தார் சவுரியம்மாள்.

செவிகொடுத்த சபைக்கு நன்றி. நலமோடு ஊர் சேருங்கள். வணக்கம்!