அறுபது வார்த்தையும் ஒரு துணிப்பையும்

ஜெரால்டின்: ...அப்புறம் அந்தம்மா, "லூம் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கலாமா"ன்னு கேட்டாங்க. நானும் ஓகேன்னு ஒரு பூ படம் போட்டு அனுப்பிட்டேன் அண்ணா! செத்தேன் நான்!

ரோலண்ட்: ஏய் இரு, இரு... மெதுவா பேசு ஜெரி. மணி பதினொன்னரை ஆவுது. யாரு அந்தம்மா? என்ன லூம்?

ஜெரால்டின்: லூம்னா தறி. துணி நெய்யுற தறி.

ரோலண்ட்: நம்ம வீட்டுல ஏது தறி?

ஜெரால்டின்: அதான் பிரச்சனையே! இல்ல!

ரோலண்ட்: அது என்ன மழை சத்தம்?

ஜெரால்டின்: மழை இல்ல, பைப்பைத் திறந்து விட்டிருக்கேன். பாத்ரூம்லேர்ந்து பேசுறேன். அம்மா காதுல விழக்கூடாது.

ரோலண்ட்: சரி சரி. எனக்கு ரெஸ்ட் டைம் இன்னும் இருபது நிமிஷம்தான். அப்புறம் பிளான்ட்டுக்குள்ள போனா போனைத் தொட முடியாது. சீக்கிரம் சொல்லு.

ஜெரால்டின்: நாளைக்குக் காலையில பத்து மணிக்கு, சிங்கப்பூர்லேர்ந்து வேன் எடுத்துகிட்டு, பதினோரு பொம்பளைங்க நம்ம வீட்டுக்கு வர்றாங்க.

ரோலண்ட்: நம்ம ஊரு கெலாங் பாத்தாவுக்கா? எதுக்கு?

ஜெரால்டின்: தறியைப் பார்க்க. சாயத் தொட்டியைப் பார்க்க. சூளையைப் பார்க்க... உன்னையும் பார்க்க.

ரோலண்ட்: என்னையா! நான் பாசிர் கூடாங் ஃபேக்டரியில சிவனேன்னு டிரம் தள்ளிகிட்டு இருக்கேன் லா!

ஜெரால்டின்: சிவனேன்னு சொல்லாத, அம்மா கேட்டா கத்தும்.

ரோலண்ட்: இப்போ அதுவா முக்கியம்? முதல்லேர்ந்து சொல்லு.

ஜெரால்டின்: அம்மா தைக்கிற துணிப்பைக்கு நான்தானே பேஸ்புக்ல எழுதுறேன்...

ரோலண்ட்: ஆமா.

ஜெரால்டின்: எங்க இங்கிலீஷ் டீச்சர் இருக்காங்கல்ல, மிஸ் தனலெட்சுமி, அவங்க ஒரு லிஸ்ட்டு குடுத்தாங்க. அறுபது வார்த்தை. எல்லாம் கைவேலை சம்பந்தமா. ஒவ்வொரு வார்த்தையையும் ஒரு வாக்கியத்துல போட்டு, கிளாஸுக்கு வெளிய நிஜமான ஆளுங்க படிக்கிற மாதிரி எழுதணும். ஸ்கிரீன்ஷாட் காட்டுனாதான் மார்க்கு.

ரோலண்ட்: மத்த பிள்ளைங்க என்ன பண்ணாங்க?

ஜெரால்டின்: செல்வா தினமும் அவங்க அத்தைக்கு வாட்ஸ்அப் போட்டான். "குட் மார்னிங் அத்தை, ஐ லைக் போட்டரி." மறுநாள், "குட் மார்னிங் அத்தை, ஐ லைக் கார்விங்." ஒன்பதாவது நாள் அத்தை பிளாக் பண்ணிட்டாங்க.

ரோலண்ட்: நல்ல அத்தை.

ஜெரால்டின்: சிரிக்காத! எனக்கு அம்மா பை இருந்துச்சு. அதுல எழுதுனேன். முதல் நாள் "ஸ்டிட்ச்". "ஸ்டிட்ச்ட் பை மை மதர்ஸ் ஹேண்ட்ஸ்". என் அம்மா கையால தைச்சது. அது சரிதானே?

ரோலண்ட்: ...ம். அப்புறம்?

ஜெரால்டின்: ரெண்டாவது வார்த்தை "வீவ்". நெய்யுறது. துணியைத் தங்காக் துணிக்கடையில வெட்டுத்துண்டா வாங்குறோம்னு எழுதுனா அதுல "வீவ்" எங்க வரும்? அதனால... வீட்டுலயே தறியில நெய்யுறோம்னு போட்டுட்டேன்.

ரோலண்ட்: அலமாக்!

ஜெரால்டின்: மூணாவது "டை". சாயம். மங்குஸ்தான் தோலை ஊறவைச்சு சாயம் போடுறோம்னு...

ரோலண்ட்: ஏய்! அந்த ஊதா பையோட சேர்த்து என் வெள்ளை சட்டையைப் போட்டுத் துவைச்சேன், சட்டையே ஊதாவாயிடுச்சு. ஃபோர்மன் இன்னும் என்னைக் கத்திரிக்கான்னுதான் கூப்பிடுறாரு.

ஜெரால்டின்: பார்த்தியா, நேச்சுரல் சாயம்தான் அப்படிப் போகும்.

ரோலண்ட்: வாயை மூடு. சூளை எப்படி வந்துச்சு? துணிப்பைக்கு எதுக்குடி சூளை?

ஜெரால்டின்: "கில்ன்"னு ஒரு வார்த்தை. மண்ணைச் சுடுற சூளை. பையில அதை எங்க போடுறதுன்னு ரெண்டு நாளு யோசிச்சேன். அப்புறம் பட்டனைப் பார்த்தேன்...

ரோலண்ட்: ஐயோ.

ஜெரால்டின்: களிமண் பட்டன், வீட்டுப் பின்னாடி சூளையில சுட்டதுன்னு எழுதுனேன். மிஸ் தனலெட்சுமி பக்கத்துல ஸ்டார் ஒட்டி, "வெரி விவிட்", அப்படியே கண்ணு முன்னாடி நிக்குதுன்னு போட்டிருந்தாங்க.

ரோலண்ட்: அது ரெண்டு ரிங்கிட் கடை பிளாஸ்டிக் பட்டன்!

ஜெரால்டின்: எனக்குத் தெரியாதா? நான்தானே வாங்கிட்டு வந்தேன்!

ரோலண்ட்: இதுல நான் எப்படி வந்தேன்?

ஜெரால்டின்: "அப்ரென்டிஸ்"... தொழில் பழகுறவங்க. என் அண்ணன் வேலையெல்லாம் வேண்டாம்னு விட்டுட்டு, அம்மாகிட்ட உட்காந்து தறி பழகுறாருன்னு...

ரோலண்ட்: வேலையை விட்டுட்டேனா! நம்ம சர்ச்சுல யாராச்சும் படிச்சாங்களா? சொல்லு! அந்த மூர்த்தி மாமா பொண்ணு படிச்சுதா?

ஜெரால்டின்: பிரவீனாவா? லைக் போட்டிருக்கா.

ரோலண்ட்: முடிஞ்சுது. என் கல்யாணமும் முடிஞ்சுது.

ஜெரால்டின்: அண்ணா, ப்ளீஸ், இப்போ என்னைப் பாரு! போட்டோ கேட்ட அந்தம்மா, மிஸஸ் ஓங் இருக்காங்கல்ல, அவங்க அங்க கைவேலை கிளாஸ் நடத்துறாங்க. நான் போட்ட அறுபதையும் படிச்சிருக்காங்க. பிரிண்ட் எடுத்து கிளாஸ்ல ஒட்டியிருக்காங்க! அவங்க கூட வர்றவங்கள்ல ஒரு ஆன்ட்டிக்கு அடுத்த வாரம் கண் ஆப்பரேஷனாம். அதுக்கு முன்னாடி ஒரு தடவை நிஜத் தறியைப் பார்க்கணுமாம்.

ரோலண்ட்: ...பாவம் லா.

ஜெரால்டின்: அவங்களுக்கு நான் எதைக் காட்டுவேன்?

ரோலண்ட்: அம்மாகிட்ட என்ன சொல்லி வச்சிருக்க?

ஜெரால்டின்: நாலு கஸ்டமர் வர்றாங்க, நீ தைக்கிறதைப் பார்க்கணுமாம்னு மட்டும் சொன்னேன். அதுக்கே அம்மா முகம் வெளிறிப் போச்சு. இப்போ பதினோரு பேரு உள்ள வந்து, "எங்கம்மா தறி?"ன்னு இங்கிலீஷ்ல கேட்டா, அம்மா என்ன பண்ணும்? அம்மாவைப் பொய்க்காரின்னு நினைச்சுட்டுப் போவாங்க. எழுதுனது நான். நிக்கப்போறது அம்மா.

ரோலண்ட்: அழாத. ஏய்... அழாத லா. தறியை ரிப்பேருக்கு அனுப்பியாச்சுன்னு சொல்லிடு.

ஜெரால்டின்: சூளையையுமா ரிப்பேருக்கு அனுப்புவாங்க?

ரோலண்ட்: கரண்ட் இல்லன்னு சொல்லு.

ஜெரால்டின்: தறிக்கு எதுக்கு கரண்ட்டு? அவங்களுக்குத் தெரியாதா?

ரோலண்ட்: டெங்கி! நம்ம தாமான்ல எல்லா வீட்டுலயும் டெங்கி, கொசு மருந்து அடிக்கிறாங்க, வராதீங்கன்னு போடு.

ஜெரால்டின்: நானும் யோசிச்சேன். அது இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது? அறுபதுல அந்த வார்த்தை இல்ல.

ரோலண்ட்: நல்லா படிச்ச போ!

ஜெரால்டின்: அதோட... இன்னொரு பொய்யான்னு இருக்கு அண்ணா. ஏற்கனவே ஐம்பத்தொன்பது இருக்கு.

ரோலண்ட்: ...அப்போ உண்மையைச் சொல்லிடு.

ஜெரால்டின்: யாருகிட்ட?

ரோலண்ட்: மிஸஸ் ஓங்கிட்ட. இப்பவே. நாளைக்கு அவங்க வேன்ல ஏறுறதுக்கு முன்னாடி படிக்கணும். டைப் பண்ணு, நான் லைன்லயே இருக்கேன்.

ஜெரால்டின்: பயமா இருக்கு.

ரோலண்ட்: தெரியும். டைப் பண்ணு. தறி இல்ல.

ஜெரால்டின்: "தேர் இஸ் நோ லூம்"... ம்.

ரோலண்ட்: துணி தங்காக் கடையில வாங்குனது.

ஜெரால்டின்: போட்டுட்டேன். மங்குஸ்தானை நாங்க சாப்பிட மட்டும்தான் செய்வோம்னும் போட்டுட்டேன்.

ரோலண்ட்: நல்லது. அண்ணன் வேலையை விடல. அதைப் பெரிய எழுத்துல போடு.

ஜெரால்டின்: சரி. பட்டன்... அண்ணா, பிளாஸ்டிக்குக்கு நல்ல வார்த்தை ஏதாச்சும் இருக்கா?

ரோலண்ட்: வேண்டாம்! நல்ல வார்த்தைதான் உன்னைக் கெடுத்துச்சு! பிளாஸ்டிக்குன்னா பிளாஸ்டிக்கு.

ஜெரால்டின்: சரி, சரி. பிளாஸ்டிக். கீழ "ஐ'ம் சிக்ஸ்டீன், ஐ'ம் சாரி"ன்னு போட்டிருக்கேன்... ஐயோ, எல்லாத்தையும் அடிச்சதுக்கு அப்புறம் பார்த்தா, பையே ஒன்னுமில்லாத மாதிரி இருக்கு.

ரோலண்ட்: பரவால்ல. அனுப்பு.

ஜெரால்டின்: இரு. கடைசியா ஒன்னு போடுறேன். "பட் எவ்ரி பேக் இஸ் ஸ்டிட்ச்ட் பை மை மதர்ஸ் ஹேண்ட்ஸ்." அறுபதுல அது ஒன்னு உண்மை. அது போதும், என்ன? வந்தாங்கன்னா அம்மாவை மெஷின் முன்னாடி உட்கார வச்சு, பாருங்கன்னு சொல்லுவேன்.

ரோலண்ட்: ஏய், அனுப்பாத... அந்த வரியை விட்டுடேன்.

ஜெரால்டின்: ஏன்? அது ஒன்னுதானே மிச்சம் இருக்கு!

ரோலண்ட்: இல்ல, சும்மா... "வீட்டுல தைச்சது"ன்னு போடேன். சின்னதா, நல்லா இருக்கும்.

ஜெரால்டின்: நீ எப்பலேர்ந்து இங்கிலீஷ் டீச்சர் ஆன? என்ன மறைக்கிற?

ரோலண்ட்: நான் சத்தியம் பண்ணியிருக்கேன் பாப்பா.

ஜெரால்டின்: யாருக்கு?

ரோலண்ட்: ரெண்டு பேருக்கு. இன்னிக்கு நைட்டு இந்த விஷயத்துக்கு நீ மூணாவது கால்.

ஜெரால்டின்: என்னது!

ரோலண்ட்: ஷிப்ட்டு ஏறுறதுக்கு முன்னாடியே ரெண்டு வந்துடுச்சு. ஒன்பது மணிக்கு அம்மா. துணி காயப்போடுற மாதிரி பின்னாடி நின்னு பேசுச்சு. நாளைக்கு கஸ்டமர் முன்னாடி எப்படித் தைக்கிறதுன்னு ஒரே பயம். அம்மாவோட வலது கை பிப்ரவரிலேர்ந்து மரத்துப் போவுது. விரல்ல ஊசி நிக்கல. கிளினிக்ல, கொஞ்ச மாசத்துக்கு மெஷினைத் தொடாதீங்க, சரியாயிடும்னு சொல்லியிருக்காங்க. உனக்குத் தெரியக்கூடாதாம்.

ஜெரால்டின்: ஆனா... போன வாரம் முப்பது பை அனுப்புனோமே? அது யாரு...

ரோலண்ட்: பத்து மணிக்கு அப்பா.

ஜெரால்டின்: அப்பாவுக்கு என்ன?

ரோலண்ட்: போர்ட்டுல, லாரிக்குள்ள கண்ணாடியெல்லாம் ஏத்தி விட்டுட்டு, உன்னை மாதிரியே குசுகுசுன்னு பேசுனாரு.

ஜெரால்டின்: அண்ணா... இல்ல...

ரோலண்ட்: நீ ஸ்கூலுக்குப் போனதும் வாசக்கதவைச் சாத்திட்டு மெஷின்ல உட்காருவாராம். அம்மா பக்கத்துல இருந்து சொல்லுமாம், இவரு தைப்பாராம். லாரி கன்வாஸ் தைச்சுப் பழகுன கை.

ஜெரால்டின்: நம்ம அப்பா பிரெட்ரிக்கா? நைட்டு லோடு முடிச்சு வந்து தூங்குறாருன்னு நான் செருப்பைக்கூட கையில எடுத்துகிட்டு நடப்பேனே!

ரோலண்ட்: கோப்பிக் கடை கூட்டாளிங்களுக்குத் தெரிஞ்சா ஊரை விட்டே போயிடுவாராம். நாளைக்கு மதியம் வரைக்கும் போர்ட்டுலயே படுத்துக்கிறேன்ங்கறாரு. நாலு பேருக்கே இந்தப் பயம். பதினொன்னுன்னு தெரிஞ்சா தாய்லாந்துக்கே லோடு எடுத்துடுவாரு.

ஜெரால்டின்: என்கிட்ட ஏன் சொல்லல? நான் என்ன, சிரிச்சிருப்பேனா?

ரோலண்ட்: உன் போஸ்ட்டையெல்லாம் பக்கத்து வீட்டு லோஷினியை வாசிக்கச் சொல்லி அம்மா கேட்டுச்சாம். மத்தது ஒன்னும் விளங்கல. "மை மதர்ஸ் ஹேண்ட்ஸ்" மட்டும் விளங்குச்சாம். புள்ள இவ்வளவு ஆசையா எழுதியிருக்கு, அதைப் போய் எப்படிப் பொய்யாக்குறதுன்னு... ரெண்டு பேரும் வாயை மூடிகிட்டாங்க.

ஜெரால்டின்: இரு, பைப்பை மூடுறேன்... ம், மூடிட்டேன்.

ரோலண்ட்: சைரன் அடிச்சுட்டாங்க, நான் உள்ள போகணும். மெசேஜை அனுப்பிட்டியா இல்லியா?

ஜெரால்டின்: கடைசி வரியில நிக்குது. அம்மான்னு போட்டா பொய்யி. அப்பான்னு போட்டா அவரு வீட்டுப் பக்கமே வரமாட்டாரு... அண்ணா, வச்சுடாத, ஒன்னே ஒன்னு சொல்லிட்டுப் போ. நாளைக்கு மிஸஸ் ஓங் பையைக் கையில வச்சுகிட்டு, "இது யாரு தைச்சது?"ன்னு கேட்டா, நான் யாரைக் காட்டட்டும்?