உரப்பையில் ஒரு கால்

வெள்ளம் வடிந்த கிழமை, கிளிநொச்சியில் இருந்து விசுவமடு போகிற பஸ்ஸில் இருந்தேன். முன் சீற்றில் இருந்தவரின் மடியில் ஓர் உரப்பை. உள்ளே என்ன என்று அவருக்குப் பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள்.

“என்ர பழைய கால், தங்கச்சி.”

அவள் சிரித்துவிட்டாள்.

“அப்ப போட்டிருக்கிறது?”

“இது புதுசு. முரசுமோட்டையில கால் செய்து குடுக்கிற தொண்டு நிறுவனம் தந்தது. அவையின்ர பட்டறைக்குள்ள வெள்ளம் பூந்து ஒரே சேறு. அள்ளப் போறன்.”

“பழசு என்னத்துக்கு?”

“அவை சும்மா தந்த காலை அவையின்ர சேத்துக்கையே பழுதாக்கலாமோ? பழசைப் போட்டுக்கொண்டுதான் இறங்குவன்.”

“இந்தக் காலோட உங்களுக்கேன் அண்ணை இந்த வேலை? வேற ஆக்கள் இல்லையோ?”

“என்ர மனுசிக்கும் ஷெல்லில கால் போனது. அங்க அளவு குடுத்திட்டுக் காத்துக்கொண்டிருக்கிறா. பட்டறை திறந்தால்தான் அவா நடப்பா.”



முரசுமோட்டையில் அவர் இறங்கினார். வழுக்கி விழுந்துவிடுவாரோ என்று எட்டிப் பார்த்தேன். பட்டறை வாசலில் பலர் மண்வெட்டிகளோடு சேற்றுக்குள் நின்றார்கள். மதிலோரம் ஒரு பாயில், அவர்கள் கழற்றி வைத்த புதுக் கால்கள் வரிசையாக வெயிலில் கிடந்தன.

அவள் யன்னலால் தலையை நீட்டிக் கத்தினாள். “அண்ணை, பின்னேரம் வேற ஆக்களின்ர காலை மாறிப் போட்டிடாதையுங்கோ!”

அவர் திரும்பிச் சிரித்தார்.

“இஞ்ச மாறினா ஆரும் ஏசமாட்டினம்! மனுசியின்ர காலும் வீட்டுக்கு வந்தாப் பிறகுதான் அந்தப் பயம்!”